களத்துமேட்டில் அளந்த காவல்

செங்கல்பட்டுச் சீமையில் ஒரு காலத்தில் காவலுக்கான கூலியைக் களத்துமேட்டிலேயே நெல்லாக அளந்து கொடுத்தார்கள். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த பகுதி இது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் இதை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களின் விவரங்கள் அதில் பதிவாயின; ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய மூலக் கணக்குகளில் ஒரு பகுதி இன்றும் கிடைக்கிறது. அரசும் குடியும் விளைச்சலைப் பங்கு பிரிப்பதற்கு முன்பே, களத்து நெற்குவியலான பொலியிலிருந்து, மேரைகள் எனப்பட்ட ஊழியப் பங்குகள் கழிக்கப்பட்டதை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வெட்டியானுக்கு என்று போகும் அந்த வரிசையிலேயே ஊர்த் தலையாரியும் வட்டாரத்துப் பாளையக்காரரும் வருகிறார்கள். தன் வீட்டில், தன் நிலத்தில் அத்துமீறி நுழைந்தவனைக் கொல்ல உரிமையாளருக்கு எப்போது உரிமை உண்டு என்ற கேள்வியை இந்த நெற்கணக்கிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். சொத்து என்னுடையது, ஆகவே அதற்காக உயிரையும் எடுக்கலாம் என்ற எண்ணம் ஏதோ நம் மண்ணின் பழைய நியாயம் என்பதுபோல இன்று பேசப்படுகிறது. இந்த மாவட்டத்தின் பழைய வழக்கத்திலும் அதற்கு இடம் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னால் வந்த சட்டத்திலும் இல்லை. உதவி எட்டாத இடத்தில் உயிருக்கு அச்சம் வரும்போது மட்டுமே அந்த உரிமை பிறக்கிறது. உதவி கிட்டே வர வர அது சுருங்குகிறது.

காவல் என்பது இங்கே ஒரு தொழில், அதோடு ஒரு பொறுப்பு. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே ‘பாடிகாவல்’ என்ற பெயரில் காவலுக்கான வரி வருகிறது. விஜயநகரக் காலத்துக்குப் பிறகு இரண்டு அடுக்காக அது நின்றது. ஊருக்குள் தலையாரி செய்தது ஸ்தலக்காவல். பல ஊர்களைச் சேர்த்துப் பாளையக்காரர் செய்தது தேசகாவல். கூலி வாங்கியவர் களவு போன பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். தமிழகத்துக் காவல் முறையின் உயிர்நாடி இந்த ஈடுதான். மாடு களவு போனால் தலையாரி காலடித் தடம் பிடித்துப் போவார். தடம் அடுத்த ஊர் எல்லைக்குள் இறங்கினால் பொறுப்பும் அந்த ஊர்க் காவலுக்கு மாறிவிடும். அங்கிருந்து தடத்தை வெளியே காட்ட வேண்டியது அவர்கள் பாடு. தெற்கே பல சீமைகளில் துப்புச் சொல்லிப் பொருளை மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி என்றே ஒரு தொகை இருந்தது. இந்த ஏற்பாட்டில் திருடனைக் கொன்றுபோடுவதால் யாருக்கு என்ன கிடைக்கும்? செத்தவன் மாட்டை எங்கே ஒளித்தான் என்று சொல்ல மாட்டான். பொருளை இழந்தவருக்கு வேண்டியது பொருள். காவல்காரருக்கு வேண்டியது ஈடு கட்டாமல் தப்புவது. இருவர் கணக்கிலும் பிணத்துக்கு இடமில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பிறர் பொருளைக் களவாடியவர் சபை வாரியங்களுக்குக் குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழப்பதாகச் சொல்கிறது. களவு அந்த ஊரில் மானம் போகும் காரியம். தவறுதலாக நேர்ந்த கொலையைக்கூட அக்காலம் சும்மா விடவில்லை. வேட்டையில் குறி தப்பி மனிதன்மேல் அம்பு பாய்ந்தால், எய்தவர் கோயிலில் நந்தா விளக்கு எரிய ஆடுமாடு கொடுக்க வேண்டும் என்று நாட்டார் கூடித் தீர்த்ததைச் சோழர் கல்வெட்டுகள் சில பதிவு செய்திருக்கின்றன. போன உயிருக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே கேள்விக்கு அப்பாற்பட்டது.

இதைச் சொன்னதும் எழும் மறுப்பு நியாயமானது. காவல் முறை அப்படி ஒன்றும் சாந்தமான ஏற்பாடாக இருக்கவில்லை. பாளையக்காரர்களில் பலர் காவல்கூலி என்ற பெயரில் மிரட்டிப் பணம் பிடுங்கினார்கள், கூலி தராத ஊரில் அவர்கள் ஆட்களே கொள்ளையடித்தார்கள் என்று கம்பெனி அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. 1780-ல் ஹைதர் அலியின் படை இந்தச் சீமையைச் சூறையாடிய பிறகு ஊர்கள் காலியாகின, ஏரிகள் உடைந்து கிடந்தன. அந்தக் குழப்பத்தில் காவலும் கொள்ளையும் பல இடங்களில் ஒரே கையில் இருந்தன. ஆனால், எழுதியவர்கள் அந்தக் கூலியையும் அதிகாரத்தையும் தாங்களே எடுத்துக்கொள்ள விரும்பியவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, காவல் கெட்டுப்போனது எப்படி என்று பார்த்தாலே என் வாதம் வலுப்படுகிறது. ஈடு கட்டும் கடமை தளர்ந்து, கூலியும் தடியும் மட்டும் மிஞ்சியபோதுதான் அது கெட்டது. பொறுப்புக் கேட்க மேலே ஆளில்லாத ஆயுதம் மிரட்டலில்தான் போய் நிற்கும். பாளையக்காரர் கையில் இருந்தாலும் பண்ணைவீட்டுக்காரர் கையில் இருந்தாலும் இதில் வேறுபாடு கிடையாது.

கம்பெனி என்ன செய்தது? 1794 முதல் இங்கே கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், பரம்பரை நில உரிமை பெற்ற மிராசுதார்களோடும் பாளையக்காரர்களோடும் ஓயாமல் மல்லுக்கட்டியவர். 1802-ல் வங்காளத்தைப் பின்பற்றி ஜில்லா நீதிமன்றங்களும், தரோகா என்ற அதிகாரியின் கீழான போலீசும் வந்தன, பாளையக்காரர்களின் காவல் அதிகாரம் முடிவுக்கு வந்தது, காவல் மேரைகள் அரசின் வருவாய்க்குள் போயின. தரோகா முறை தோற்றது. 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவின் யோசனைப்படி, ஊர்க் காவலை மணியக்காரரிடமும் தலையாரியிடமும் திருப்பிக் கொடுத்தது. ஆனால் தலையாரியின் கடமைதான் திரும்பி வந்தது, ஈடு வரவில்லை. சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் 1859-ல்தான் வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டுக்கும் மேல் மதுராந்தகத்திலோ திருக்கழுக்குன்றத்திலோ நடுராத்திரியில் வீடு கன்னமிடப்பட்ட குடியானவருக்கு, பொருளைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் யாரும் இல்லை. ஓடி வர ஊராரும் தடியோடு ஒரு தலையாரியும் மட்டும். கொள்ளைக்கும்பலை எதிர்த்து நின்ற ஒருவர் அளவு கொஞ்சம் மீறியதற்காகத் தூக்கில் தொங்குவதைவிட, அந்த உரிமை சில இடங்களில் தவறாகப் பயன்படுவதே சிறிய தீமை என்று மெக்காலே தலைமையிலான சட்டக் கமிஷன் 1837-ல் தன் தண்டனைச் சட்ட வரைவின் குறிப்பில் எழுதியது அந்தக் காலத்தில்தான். இந்த நாட்டு மக்கள் கொள்ளையருக்கு எதிர்ப்பில்லாமல் பணிகிறார்கள், அவர்களுக்குத் துணிவூட்ட வேண்டும் என்பது கமிஷனின் எண்ணம். காவலைக் கலைத்த அரசே குடிமக்களைக் கோழைகள் என்று கணித்தது எனக்குக் கசப்பாகவே இருக்கிறது. காவலுக்கு ஆள் வைத்து, கூலி அளந்து, ஈடு கேட்டு வாங்கியவர்கள் இங்கே வாழ்ந்தவர்கள். அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதற்கு மாற்றாகத்தான் சட்டம் தற்காப்பு உரிமையைத் தந்தது என்று நான் படிக்கிறேன்.

1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இந்த உரிமையைச் சொல்லின. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக அவையே தொடர்கின்றன. சொத்துக்காக உயிரை எடுக்கக்கூடிய சந்தர்ப்பங்களைப் பழைய 103-ஆம் பிரிவு நான்காகச் சுருக்கியது. வழிப்பறி, இரவில் வீட்டை உடைத்து நுழைதல், ஆள் குடியிருக்கும் அல்லது பொருள் பாதுகாக்கும் கட்டடம், கூடாரம், கலம் ஆகியவற்றுக்குத் தீ வைத்தல். நான்காவதாக, உயிர்போகும் அல்லது கொடுங்காயம் படும் என்று நியாயமாக அஞ்சும்படியான சூழ்நிலையில் நடக்கும் திருட்டு, சேதம், வீட்டில் அத்துமீறல். சொத்தின் விலை இதில் எங்குமே பேசப்படவில்லை. இரவு, நெருப்பு, பலவந்தம் ஆகியவையே பேசப்படுகின்றன. மூன்றும் உயிர் பயத்தின் அடையாளங்கள். மாமல்லபுரத்துக் கரையில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். வலையும் என்ஜினும் பூட்டி வைத்த கொட்டகைக்கு ஒருவன் தீ வைத்தால் மூன்றாவது வகை பொருந்தும். மணலில் ஏற்றி வைத்த கட்டுமரத்துக்கோ, காயப்போட்ட வலைக்கோ தீ வைத்தால், நஷ்டம் பல மடங்கு பெரிதாக இருந்தாலும், கொல்லும் உரிமை கிடையாது. தடுக்கலாம், பிடிக்கலாம், அடிக்கவும் செய்யலாம், அவ்வளவுதான். மண்சுவரில் கன்னம் வைப்பதையும் சட்டம் மறக்கவில்லை. வீட்டுச் சுவரில் துளையிட்டு அதன் வழியே ஒருவன் கையை மட்டும் நுழைத்தாலும் அது வீட்டை உடைத்து நுழைந்ததாகும் என்று பழைய சட்டத்தின் 445-ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டே சொன்னது. இரவில் அப்படி ஒரு கை உள்ளே வந்தால் 103-ன் வாசல் திறந்துவிடுகிறது. ஆனால் உடனே பழைய 99-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் உரிமையே இல்லை. கையைப் பிடித்துக் கட்டிவிட்டு ஊரைக் கூப்பிட முடியுமானால் கழுத்தை வெட்டச் சட்டத்தில் இடமில்லை. இந்தக் கடற்கரைக் குப்பங்களில் நாட்டார் பஞ்சாயத்து வலை அறுத்தவனுக்கும் மீன் திருடியவனுக்கும் தெண்டம் விதித்து இழப்பை வாங்கிக் கொடுத்து வந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈடு என்ற எண்ணம் உள்நாட்டில் காவலோடு போனது. கரையோரம் நெடுங்காலம் தங்கியிருந்தது.

‘என் சொத்து’ என்ற சொல்லுக்கே இந்த மாவட்டத்தில் நேரான பொருள் கிடையாது என்பது அடுத்த சங்கதி. மிராசு உரிமை பரம்பரையாகச் சிலரிடம் இருந்தது. உழுது அறுத்தவர்களில் பெரும்பாலோர் குடியிருந்த மனையே அவர்களுடையதாக இல்லை. மிராசுதாருக்குப் பிடிக்காவிட்டால் குடிசையைக் காலி செய்ய வேண்டும். செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-ல் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கை இதை அரசின் முகத்துக்கு நேரே வைத்தது; தாழ்த்தப்பட்டோருக்காக 1892-ல் பிறந்த பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு அதுவே அடிப்படை. அந்த நிலங்களில் ஏராளமானவை பின்னர் வேறு கைகளுக்குப் போயின. அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று காரணை என்ற ஊரைச் சேர்ந்த போராளிகள் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். இப்படிப்பட்ட மண்ணில் ‘உரிமையாளருக்குக் கொல்லும் உரிமை’ என்று பேசினால், யார் உரிமையாளர் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். சட்டம் இதில் பொதுப்புத்தியைவிட நேர்மையாக நடந்துகொள்கிறது. அத்துமீறல் என்பது பிறர் அனுபவத்தில் இருக்கும் இடத்துக்குள் நுழைவது. பட்டா யார் பெயரில் என்பதை அந்த விளக்கம் கேட்பதில்லை. முன்ஷி ராம் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம், நிலத்தை உண்மையில் அனுபவித்து வந்த குத்தகைக்காரர் தரப்பு, காகிதத்தில் சுவாதீனம் பெற்று ஆள்பலத்தோடு வந்த புதிய உரிமையாளரை எதிர்த்து நின்றதைத் தற்காப்பு என்று ஏற்றது. நிலைபெற்ற அனுபவத்தில் இருப்பவரை உண்மையான சொந்தக்காரரே ஆனாலும் பலவந்தமாக வெளியேற்றக் கூடாது, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2003-ல் ராமே கவுடா வழக்கிலும் அது உறுதிப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் சவுக்குத் தோப்புகள் மனைகளாக மாறிய பிறகு, பத்திரத்தைக் காட்டியபடி இரவோடிரவாக வேலியைப் பிடுங்க வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டத்தின் கண்ணில் அங்கே அத்துமீறுகிறவர் அவர்களே. குடிசையில் இருப்பவருக்குத்தான் தற்காப்பு உரிமை.

நள்ளிரவில் கதவு உடைபடும் சத்தம் கேட்டு எழுந்தவரிடம், வந்தவன் திருட வந்தானா கொல்ல வந்தானா என்று நிறுத்துப் பார்க்கச் சொல்வது கொடுமை அல்லவா என்று கேட்பார்கள். கேட்பது சரி. நீதிமன்றங்களும் அப்படி நிறுத்துப் பார்க்கச் சொல்வதில்லை. அந்த நேரத்தில் அவருக்கு வந்த அச்சம் நியாயமானதா என்பதே அளவுகோல். ஆபத்து பின்னர் பொய்யென்று தெரிந்தாலும் பரவாயில்லை. தற்காப்பு என்று சொல்பவர் அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் வேண்டாம். அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். நல்லெண்ணத்தோடு எல்லை மீறியவருக்குக் கொலைக்குற்றமே பொருந்தாது, அதைவிடக் குறைந்த குற்றம்தான். எதிரி திரும்பி ஓடத் தொடங்கிய கணத்தோடு இந்தச் சலுகை எல்லாம் முடிகிறது. நிலத்தகராறு ஒன்றில், தாக்க வந்த கூட்டம் கலைந்து ஓடிய பிறகு தூரத்தில் இருந்தவர்களைச் சுட்டுக் கொன்றவர்கள் குற்றவாளிகளே என்பதை ஜெய் தேவ் வழக்கில் 1962-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வீடு ஒருவருக்குக் கோட்டை என்று 1604-ல் செமெய்ன் வழக்கில் சொன்ன இங்கிலாந்திலும் இதே நிலைதான். 1999-ல் நார்ஃபோக்கில் தன் பண்ணைவீட்டிலிருந்து தப்பி ஓடிய 16 வயதுச் சிறுவனைச் சுட்டுக் கொன்ற டோனி மார்ட்டினைத் தற்காப்பு வாதம் காப்பாற்றவில்லை. மேல்முறையீட்டில் மனநிலையைக் காரணம் காட்டித்தான் கொலைக்குற்றம் குறைக்கப்பட்டது. ஃப்ளோரிடா 2005-ல் வேறு பாதையில் போனது: வீட்டுக்குள் பலவந்தமாக நுழைந்தவனால் உயிர் பயம் வந்ததாகச் சட்டமே ஊகித்துக்கொள்ளும். நமக்கும் அது வேண்டும் என்போர் உண்டு. போலீஸ் வரத் தாமதமாகிறது, தனித்த பண்ணையில் வயதானவர்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்த நிலைமையில் உயிருக்கு அஞ்சியவருக்கு இன்றைய சட்டமே இடம் தருகிறது. அச்சத்தைக் காட்டவே தேவையில்லை என்று ஆக்கினால் யாருக்கு லாபம்? திருடன் என்ற பெயர் எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. இந்த மாவட்டத்தில் அது முதலில் இருளர் பழங்குடியினர் மேல் விழும் என்பதை இங்கே வாழ்கிறவர்கள் அறிவார்கள். 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியில், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த பழவேற்காட்டில் மனநலம் குன்றிய ஒருவரும், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில் கோயிலுக்குப் போன மூதாட்டி ஒருவரும் கூட்டத்தின் கையில் செத்தார்கள். அந்தக் கூட்டமும் தன் அச்சத்தை நியாயமென்றே நம்பியது.

ஆளே இல்லாமல் கொல்லும் வேலி இதில் மிக மோசமானது. மின்கம்பியில் கொக்கி போட்டு வயலைச் சுற்றி நேரடி மின்சாரம் பாய்ச்சுகிறவர், வருவது பன்றியா, மாடு தேடி வந்த சிறுவனா, இருட்டில் ஒதுங்க வந்த பெண்ணா என்று பார்க்க அங்கே இருப்பதில்லை. உயிருக்கு அச்சம் என்ற ஒன்று அவருக்கு அந்த நேரத்தில் இருக்கவே முடியாது. அவர் வீட்டில் தூங்குகிறார். பீகாரில் தன் கழிப்பறையை அக்கம்பக்கத்தார் பயன்படுத்தாமல் தடுக்க அதன் வழியில் மின்கம்பி கட்டிய செருபின் கிரிகோரியின் வழக்கில், ஒரு பெண் அதைத் தொட்டு இறந்திருந்தார். அத்துமீறி நுழைந்தவர் என்பதால் ஒருவர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை, தற்காப்பு என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை என்று 1963-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கான தண்டனையை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து கட்டுப்படுத்தும் விதிகள் 2023-ல் வந்துவிட்டன. மதுராந்தகம், செய்யூர், திருப்போரூர்ப் பக்கத்து வயல்களிலும் தோப்புகளிலும் இன்னும் யாராவது நேரடி மின்சாரத்தை வேலிக்குக் கொடுத்திருந்தால், இன்று இருட்டுவதற்கு முன்பே கொக்கியைக் கழற்றிவிடுங்கள். பன்றியால் பயிர் போனால் ஈட்டை அரசிடம் கேளுங்கள். உங்கள் பாட்டன் காவல்காரரிடம் கேட்டு வாங்கியதும் அதைத்தான்.